மூத்த நடிகர்களும் 'துணை' என்ற சொல்லும்

1994-ஆம் ஆண்டு வெளியான 'மகளிர் மட்டும்' படத்தில் மூன்று பெண்கள் மருத்துவமனையிலிருந்து ஒரு பிணத்தை வெளியே கொண்டுவந்துவிடுகிறார்கள். இறந்துபோனவர் தங்கள் அலுவலக மேலாளர் என்று அவர்கள் தவறாக எண்ணிக்கொண்டதால் நேரும் குழப்பம் அது. அந்தப் பெண்களாக நடித்தவர்கள் ரேவதி, ஊர்வசி, ரோகிணி. பிணமாக நடித்தவர் நாகேஷ். பேச ஒரு சொல்லும் இல்லை, காட்ட ஒரு பாவமும் இல்லை. பிடித்தால் நிமிர்ந்தும் விட்டால் சரிந்தும் போகிற ஓர் உடல் மட்டுமே அவர் கையிருப்பு. அதை வைத்துக்கொண்டே அறுபது வயதில் அவர் திரையரங்குகளைச் சிரிக்கவைத்தார்.

இன்று அந்தக் காட்சியைப் பார்க்கும்போது அது வேறொரு காரணத்துக்காகவும் நின்று கவனிக்கத்தக்கதாகிவிட்டது. அதே 1994-இல் வந்த 'நம்மவர்' படத்துக்காக நாகேஷுக்கு தேசிய விருது கிடைத்தது. ரேவதிக்கு 2021-ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த நடிகை விருது 'பூதகாலம்' படத்துக்காக வழங்கப்பட்டது. நாற்பதாண்டுகளை நெருங்கும் திரைவாழ்க்கையில் அந்த விருது அவருக்கு அதுவே முதன்முறை. ஊர்வசிக்கு 'உள்ளொழுக்கு' படத்துக்காக 2023-ஆம் ஆண்டுக்கான கேரள அரசு விருதும் தேசிய விருதும் கிடைத்தன. ஒரே சட்டகத்துக்குள் இருந்த நால்வரில் மூவர், வெவ்வேறு காலத்தில், திரைவாழ்வின் பிற்பகுதியில் விருது மேடை ஏறியிருக்கிறார்கள்.

இத்தகைய நிகழ்வுகளைப் பற்றி எழுதும்போது பத்திரிகைகள் மறுபிரவேசம் என்றும், ரீ-என்ட்ரி என்றும், இரண்டாவது இன்னிங்ஸ் என்றும் குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. நடிகர் எங்கோ போயிருந்து திரும்பி வந்ததுபோன்ற தோற்றத்தை அச்சொற்கள் தருகின்றன. உண்மையில் பெரும்பாலோர் எங்கும் போகவில்லை. அவர்களுக்காக எழுதப்பட்ட வேடங்கள்தான் போயிருந்தன. கால்ஷீட் கேட்டு அழைப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் கதாநாயகனுக்குச் சோறு பரிமாறும் அம்மாவாகவும், இரண்டு காட்சிகளில் வந்துபோகும் மாமாவாகவும் அவர்கள் அழைக்கப்பட்டார்கள். திரும்பி வருவது அவர்கள் திறமைக்கு ஈடான வேடம்தான் என்பது என் கருத்து. அப்படி ஒரு வேடம் எப்போது, எதனால் எழுதப்படுகிறது, எழுதப்பட்ட பிறகு விருதுக் குழுக்கள் அதற்கு என்ன பெயர் சூட்டுகின்றன என்பதைப் பார்த்தால் இந்தத் தாமதத்தின் காரணங்கள் புலப்படும்.

முதலில் விருதுகளின் வரலாற்றையே பார்க்க வேண்டும், ஏனெனில் தாமதத்தில் ஒரு பங்கு அங்கிருந்தே தொடங்குகிறது. தேசியத் திரைப்பட விருதுகள் 1953-ஆம் ஆண்டின் படங்களிலிருந்து வழங்கப்படுகின்றன என்றாலும், தொடக்கத்தில் நடிப்புக்கென்று தனி விருது கிடையாது. சிறந்த நடிகர், சிறந்த நடிகை ஆகிய பிரிவுகள் 1967-ஆம் ஆண்டின் படங்களுக்குத்தான் முதலில் வந்தன. உத்தம் குமாரும் நர்கிஸும் அவற்றை முதலில் பெற்றார்கள். துணை வேட நடிப்புக்கான பிரிவுகளோ 1984-ஆம் ஆண்டின் படங்களிலிருந்துதான் தொடங்கின. நாகேஷின் உச்ச காலத்தை இந்த ஆண்டுகளோடு வைத்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகிறது. 'காதலிக்க நேரமில்லை', 'சர்வர் சுந்தரம்' இரண்டும் 1964. 'திருவிளையாடல்' 1965. ஆயிரம் பொன் பரிசுக்கு ஏங்கி, பாட்டெழுத வராமல், கோயில் மண்டபத்தில் தனியாகப் புலம்பும் தருமியை அவர் செய்துகாட்டிய ஆண்டில் அதற்குத் தருவதற்கென்று தேசிய அளவில் ஒரு பிரிவே இல்லை. பிரிவு வந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது, வேடங்களும் சுருங்கியிருந்தன.

அந்தச் சுருக்கத்திலிருந்து அவரை வெளியே கொண்டுவந்தது, அவரை நகைச்சுவை நடிகர் என்ற பெட்டிக்குள் வைத்துப் பார்க்க மறுத்த எழுத்துதான். 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' அவரை வில்லனாக்கியது. ஐந்தாண்டுகள் கழித்து, கே. எஸ். சேதுமாதவன் இயக்கிய 'நம்மவர்' படத்தில், மகளைப் பறிகொடுக்கும் பேராசிரியர் பிரபாகர் ராவாக அவர் வந்தார். மகள் தற்கொலை செய்துகொண்ட பிறகு வரும் காட்சியில் அந்தத் தகப்பனின் முகத்தில் அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருகின்றன. சோகக் காட்சியில் சிரிப்பைக் கொண்டுவருவது எவருக்கும் அபாயமானது. நாகேஷுக்கு இருமடங்கு அபாயம், ஏனென்றால் அவர் முகத்தைப் பார்த்தாலே சிரித்துப் பழகிய மூன்று தலைமுறைகள் எதிரே உட்கார்ந்திருக்கின்றன. ஆயினும் அந்தச் சிரிப்புக்கு அரங்கில் யாரும் சிரிக்க முடிவதில்லை. தருமியின் புலம்பலிலும் இந்த இரட்டை ஓட்டம் இருந்தது. அன்று நாம் அதன் நகைச்சுவையை மட்டும் எடுத்துக்கொண்டோம், 'நம்மவர்' அதன் மறுபாதியைக் கேட்டு வாங்கியது. அவருக்கு ஒரே ஒரு தேசிய விருதைத் தந்தது இந்த வேடம்தான். அதன் பிரிவு: சிறந்த துணை நடிகர்.

நடிகைகளின் நிலைமை வேறு விதமானது, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாகேஷைப்போன்ற ஒரு நடிகருக்கு வயது மெதுவாகத்தான் வருகிறது. கதாநாயகியாக இருந்தவருக்கோ ஒரே நாளில் வந்துவிடுகிறது. திருமணம், குழந்தை, சில ஆண்டு இடைவெளி, அதற்குப் பின் வரும் முதல் அழைப்பே அம்மா வேடத்துக்கானது. 1987-இல் 'நாயகன்' படத்தில் கமல்ஹாசனின் இணையாக அறிமுகமான சரண்யா, 2000-களின் நடுவில் 'ராம்', 'தவமாய் தவமிருந்து', 'எம் மகன்' என்று அடுத்தடுத்து அம்மாவாகத் திரும்பியபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. 2010-இல் வந்த 'தென்மேற்கு பருவக்காற்று' படத்தில் அவர் விஜய் சேதுபதிக்குத் தாய்; இருவருக்கும் இடையே உண்மையில் உள்ள வயது வேறுபாடு பத்தாண்டுகள்கூட இருக்காது. இப்படி ஒரு நடிகையின் இருபது, முப்பது ஆண்டு உழைப்புக் காலத்தை ஒரே வேட வகைக்குள் அடைத்துவிட்டு, அதிலிருந்து அவர் எப்போதாவது வெளியே தெரியும்போது 'மறுபிரவேசம்' என்று நாம் வியக்கிறோம்.

சுகுமாரியின் கணக்கு இன்னும் நீளமானது. 1951-இல் 'ஓர் இரவு' படத்தில் சிறுமியாகத் தொடங்கியவர் அவர். 'நம்ம கிராமம்' படத்தில் ஏற்ற பாட்டி வேடத்துக்காக 2010-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெறும்போது அவருக்கு எழுபது வயது. இடைப்பட்ட காலத்தில் அவர் ஓய்ந்திருந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை என்பதை மலையாளப் படங்களைப் பார்த்துவந்தவர்கள் அறிவார்கள். அதை மறுவருகை என்று எப்படிச் சொல்ல முடியும்?

வேடங்கள் திரும்ப வந்ததற்கு இரண்டு வாசல்கள் துணைசெய்தன. ஒன்று தொலைக்காட்சி. திரையில் இடம் கிடைக்காத பல திறமைகளை அது தாங்கிப்பிடித்தது. டப்பிங் கலைஞராக நெடுநாள் உழைத்த எம். எஸ். பாஸ்கரைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசேர்த்தது 'சின்னப் பாப்பா பெரிய பாப்பா' தொடரின் பட்டாபிதான். ஒலிக்கூடத்தில் பிறர் உதட்டசைவுக்குக் குரல் கொடுத்துப் பழகியவருக்கு ஒரு சொல்லை எங்கே நிறுத்துவது, எங்கே விழுங்குவது என்பது அத்துப்படியாகிவிடுகிறது. 2007-இல் வந்த 'மொழி' படத்தில், மகன் இறந்த 1984-ஆம் ஆண்டிலேயே மனம் நின்றுபோன பேராசிரியராக அவர் வந்தபோது அந்தக் குரல் பயிற்சியின் பயன் தெரிந்தது.

மற்றொரு வாசல் ஓடிடி. ஊர்வசி 1983-இல் 'முந்தானை முடிச்சு' படத்தில் பள்ளி வயதில் கதாநாயகியானவர். 1989 தொடங்கி மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாகக் கேரள அரசின் சிறந்த நடிகை விருதைப் பெற்றவர். சில ஆண்டு இடைவெளிக்குப் பின் மலையாளத்துக்குத் திரும்பி நடித்த 'அச்சுவின்டே அம்மா' படத்துக்காக 2005-ஆம் ஆண்டின் தேசிய விருதையும் பெற்றவர். ஆக, அவருக்கே இது முதல் திரும்பல் அன்று. தமிழில் அவரைப் புதிய தலைமுறையின் கண்முன் நிறுத்தியது 2020-ஆம் ஆண்டின் ஒரு மாத காலம். திரையரங்குகள் மூடிக்கிடந்த அந்நாளில் அக்டோபர் 16 அன்று 'புத்தம் புதுக் காலை', நவம்பர் 12 அன்று 'சூரரைப் போற்று', நவம்பர் 14 அன்று 'மூக்குத்தி அம்மன்' என மூன்று படங்களும் வீட்டுத் திரைக்கே வந்தன. மூன்றிலும் அவர் இருந்தார், மூன்றிலும் வேறு வேறு ஆளாக இருந்தார்.

'சூரரைப் போற்று' படத்தில் தந்தை சாகக் கிடக்கும்போது மகனிடம் விமானப் பயணச்சீட்டுக்குப் போதிய பணம் இல்லை. அவன் ஊர் வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டிருக்கிறது. வாசலில் நிற்கும் மகனைப் பார்த்த மாத்திரத்தில், தாய் பேச்சியம்மாளாக நடித்த ஊர்வசியிடமிருந்து முதலில் வருவது கோபம். அவனை அடிக்கிறார், ஏசுகிறார், அந்த ஏச்சு நடுவிலேயே உடைந்து ஒப்பாரியாக மாறுகிறது, அடித்த கையே அவனைப் பிடித்துக்கொள்கிறது. கோபத்திலிருந்து அழுகைக்கு மாறும் இடத்தில் ஒரு தையல்கூடத் தெரிவதில்லை. அந்தப் படத்துக்கு ஐந்து தேசிய விருதுகள் கிடைத்தன, அவருடையது அவற்றில் இல்லை. ஒரு படத்துக்கே எல்லாவற்றையும் தர முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த வாசல் காட்சியை மறப்பது எளிதன்று.

இனி 2023-ஆம் ஆண்டுக்கு வரலாம். அந்த ஆண்டின் படங்களுக்கான 71-ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் 2025 ஆகஸ்ட் 1 அன்று அறிவிக்கப்பட்டபோது, எம். எஸ். பாஸ்கர் 'பார்க்கிங்' படத்துக்காகவும், விஜயராகவன் 'பூக்காலம்' என்ற மலையாளப் படத்துக்காகவும் சிறந்த துணை நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். ஊர்வசி 'உள்ளொழுக்கு' படத்துக்காகச் சிறந்த துணை நடிகை விருதை, குஜராத்திப் படமான 'வஷ்' படத்தில் நடித்த ஜானகி போடிவாலாவுடன் பகிர்ந்துகொண்டார். மூன்று மூத்த கலைஞர்கள், மூவரும் தென்னிந்தியர், மூவரும் துணைப் பிரிவில்.

இந்தப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் அவற்றுக்குள் ஒரு பொதுத்தன்மை தெரியும். இவை பெரும்பாலும் வீட்டைச் சுற்றியே நிகழும் கதைகள். 'பார்க்கிங்' படத்தில் ஒரு வீட்டின் இரு பகுதிகளில் இரண்டு வாடகைக் குடும்பங்கள் இருக்கின்றன, ஒரு கார் நிறுத்த மட்டுமே இடமிருக்கிறது. 'உள்ளொழுக்கு' வெள்ளம் சூழ்ந்த குட்டநாட்டு வீட்டுக்குள் நடக்கிறது. மகன் இறந்துவிட்டான், குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்ய நீர் வடிய வேண்டும், நீர் வடியும்வரை மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ் ஒருவர் மறைத்ததை மற்றவர் அறிந்துகொண்டிருக்கிறார்கள். 'பூக்காலம்' நூறு வயது முதியவர் ஒருவரின் குடும்பக் கதை. ரேவதிக்கு விருது தந்த 'பூதகால'மும் ஒரு தாயும் மகனும் வாழும் வீட்டைவிட்டு அதிகம் நகராத படம்தான். இத்தகைய படங்களில் வெளிநாட்டுப் பாடலுக்கும் பெருங்கூட்டச் சண்டைக்கும் இடமில்லை, கேமரா முகத்தருகேதான் நிற்க வேண்டும். நீண்ட நேரம் அருகில் வைத்துப் பார்த்தாலும் சலிக்காத முகங்கள் அனுபவசாலிகளிடம்தான் இருக்கின்றன. புதிய இயக்குநர்கள் மூத்தவர்களைத் தேடிப் போவதற்கு மரியாதை மட்டுமே காரணமன்று, கதையின் தேவை அது. 'பார்க்கிங்' ராம்குமார் பாலகிருஷ்ணனின் முதல் படம். 'உள்ளொழுக்கு' கிறிஸ்டோ டோமியின் முதல் முழுநீளக் கதைப்படம்.

'பார்க்கிங்' படத்தில் பாஸ்கர் ஏற்ற இளம்பரிதியைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். நேர்மையான அரசு ஊழியர், சிக்கனக்காரர், பல ஆண்டுகளாக அதே வீட்டில் குடியிருப்பவர். புதிதாகக் குடிவந்த இளைஞனின் கார் தன் பைக்குக்கு இடைஞ்சலாகிறது என்ற சின்ன எரிச்சலில் தொடங்கி, போட்டிக்காகவே தானும் ஒரு கார் வாங்கிவிடும் வரை போகிறது அவருடைய வீம்பு. பாஸ்கர் இந்த மனிதரை வில்லனாகச் செய்யவில்லை. வாழ்நாள் முழுக்க அடங்கியே இருந்த ஒருவருக்கு ஓய்வுபெறும் வயதில் முதன்முறையாகத் தன் இடம் என்று ஒன்றை விட்டுக்கொடுக்க முடியாமல் போவதாகச் செய்திருக்கிறார். ஹரிஷ் கல்யாண் நடித்த இளைஞனும் இந்தப் பெரியவரும் தராசின் இரு தட்டுகள். ஒன்று இறங்கினால்தான் மற்றது ஏறும் என்றபடி திரைக்கதை கட்டப்பட்டிருக்கிறது, அந்தத் திரைக்கதைக்கும் தேசிய விருதில் பங்கு கிடைத்திருக்கிறது. அப்படியானால் தராசின் ஒரு தட்டை 'துணை' என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வியை உரக்க எழுப்பியவர் ஊர்வசி. விருது அறிவிக்கப்பட்ட பின், எந்த அளவுகோலை வைத்து முதன்மை வேடம், துணை வேடம் என்று பிரிக்கிறீர்கள், குறிப்பிட்ட வயதுக்கு மேல் இவ்வளவுதான் என்று ஏதாவது விதி உண்டா என்று அவர் பொதுவெளியில் கேட்டார். பேசாமல் வாங்கிக்கொண்டு போக இது ஓய்வூதியம் அன்று என்னும் பொருள்படவும் பேசினார். விஜயராகவனுக்காகவும் சேர்த்தே அவர் கேட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. விருது பெற்ற ஒருவர் நன்றி சொல்லிவிட்டு அமர்வதே இங்கு வழக்கம், அந்த வழக்கத்தை மீறியதற்காகச் சிலர் அவரைக் குறைசொன்னார்கள். எனக்கோ, அந்தக் கேள்வி நாகேஷ் காலத்திலேயே எழுந்திருக்க வேண்டியது என்றுதான் தோன்றுகிறது.

கேள்வியின் வலுவைக் கூட்டுவது கேரளத்தின் தீர்ப்பு. அதே 'உள்ளொழுக்கு', மாமியார் லீலாம்மாவாக அதே வேடம், அதே 2023-ஆம் ஆண்டுக் கணக்கு; கேரள அரசின் நடுவர் குழு அதைச் சிறந்த நடிகைக்கான நடிப்பாகக் கண்டது, பீனா ஆர். சந்திரனுடன் அந்த விருதை ஊர்வசி பகிர்ந்துகொண்டார். அந்த மாநிலத்தில் அவருக்கு அது ஆறாவது சிறந்த நடிகை விருது. டெல்லியில் அது துணை வேடமானது. நடிப்பு ஒன்றுதான், அதைப் படித்த கண்கள்தான் வேறு. விஜயராகவன் விஷயத்தில் கேரளமும் அவரைக் குணச்சித்திர நடிகர் பிரிவில்தான் வைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

இங்கே சொல்லையும் கவனிக்க வேண்டும். கோடம்பாக்கத்தில் துணை நடிகர் என்றால் கூட்டத்தில் நிற்பவர், திருமண வீட்டுக் காட்சியில் பின்வரிசையில் அமர்ந்திருப்பவர், நாள் கூலிக்கு வருபவர். அந்தத் தொழிலும் மதிப்புக்குரியதே, ஆனால் அது வேறு தொழில். தேசிய விருதின் பிரிவைத் தமிழாக்கும்போது நம் நாளிதழ்கள் 'சிறந்த துணை நடிகர்' என்றே எழுதிவருகின்றன. தமிழக அரசின் விருதுப் பட்டியலில் 'குணச்சித்திர நடிகர்' என்ற நல்ல சொல் இருக்கிறது. கேரளத்தில் ஒரு காலத்தில் 'இரண்டாவது சிறந்த நடிகர்' என்று இருந்த பெயரைப் பின்னர் மாற்றி, குணச்சித்திர நடிகர் என்ற பொருள்படும் சொல்லை வைத்தார்கள். இரண்டாவது என்ற எண்ணிக்கை ஒரு கலைஞருக்குத் தரக்கூடிய வருத்தத்தை அங்கே யாரோ உணர்ந்திருக்கிறார்கள்.

டெல்லி நடுவர்களின் தரப்பிலும் சொல்ல நியாயம் உண்டு. மொழிவாரியாகப் பிராந்தியக் குழுக்கள் வடிகட்டி அனுப்பும் படங்களை மத்தியக் குழு பார்க்கிறது, பல மொழிகளின் நடிப்பை ஒரே தட்டில் வைத்து ஒப்பிட வேண்டியிருக்கிறது, முதன்மைப் பிரிவில் இடம் ஒன்றோ இரண்டோதான். பரிசைப் பொறுத்தவரை இரு பிரிவுகளுக்கும் அதே ரஜத் கமலம் என்னும் வெள்ளித் தாமரைப் பதக்கமும் அதே 2 லட்சம் ரூபாயும்தான். ஆனால் வயது அல்லது தாய் வேடம் என்பதே தடை என்றால், அதே ஆண்டில் குழந்தைகளுக்காகப் போராடும் தாயாக நடித்த ராணி முகர்ஜிக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்திருக்காது. வேறுபாடு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், யாருடைய பெயரில் படம் விற்கப்பட்டது என்ற இடத்தில்தான் வந்து நிற்கிறது. சுவரொட்டியில் முதலில் வருபவர் முதன்மை, அடுத்து வருபவர் துணை என்ற சந்தைப் பழக்கம் நடுவர் அறைக்குள்ளும் தன்னை அறியாமல் நுழைந்துவிடுகிறது என்றே நான் கருதுகிறேன். ஹாலிவுட்டில் 2021-இல் ஆன்டனி ஹாப்கின்ஸ் 83 வயதில் ஆஸ்கரின் சிறந்த நடிகர் விருதைப் பெற முடிந்ததற்கு, அந்த முதியவர் பெயரிலேயே படம் நின்றதும் ஒரு காரணம்.

இதைச் சரிசெய்ய விதிகளைத் திருத்த வேண்டியதில்லை, முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் படங்களைப் பார்த்த 58-ஆவது தேசிய விருதுக் குழுவின் முன்னால் 'தென்மேற்கு பருவக்காற்று' வந்தது. தேனிப் பக்கத்து வறண்ட மண்ணில் ஆடுகளும் மகனுமாக வாழும் வீராயி என்ற தாயாகச் சரண்யா பொன்வண்ணன் அதில் நடித்திருந்தார். கதாநாயகன் வேறு, காதலி வேறு, சந்தைக் கணக்கில் அவர் 'அம்மா'தான். சீனு ராமசாமி அந்தப் படத்தை அந்த அம்மாவின் தோளில் ஏற்றியிருந்ததை நடுவர்கள் கண்டுகொண்டார்கள். மராத்திப் படமான 'பாபூ பேண்ட் பாஜா'வின் மிதாலி ஜக்தாப்புடன் சரண்யா பகிர்ந்துகொண்ட அந்த விருதின் பிரிவு, சிறந்த நடிகை.